ஓ.பி. பார்க்கவே ஆளில்லை, டாக்டருக்கு ஆராய்ச்சி எதற்கு?

ஆகஸ்ட் 3, வாசகர் கேள்வி

அம்மாவுக்கு பி.பி. மாத்திரை வாங்க ஜி.ஹெச். போயிருந்தேன். காலை ஏழு மணிக்கு வரிசையில் நின்று பதினொன்றரைக்கு டாக்டரைப் பார்த்தோம். இரண்டே நிமிடம். வெளியே நோட்டீஸ் போர்டில், ஆராய்ச்சி நிதிக்கு டாக்டர்கள் விண்ணப்பிக்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை ஒட்டியிருந்தது. நோயாளியைப் பார்க்கவே ஆளில்லாத இடத்தில் ஆராய்ச்சி எதற்கு, அதற்கு என் வரிப்பணம் எதற்கு? ஆசை இருப்பவர்கள் வேலையை விட்டுவிட்டு லேபுக்குப் போகட்டுமே. இங்கே டாக்டர்கள் யாராவது இருந்தால் பதில் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 3, இரவு

இருக்கிறேன். டெல்டா பக்கம் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் பொது மருத்துவத்தில் உதவிப் பேராசிரியர். இன்று எங்கள் யூனிட்டுக்கு அட்மிஷன் டே, வார்டில் கட்டிலுக்குக் கீழேயும் பாய் விரித்தாயிற்று. அதனால் இப்போதைக்கு இவ்வளவுதான்: வரிசை நீளம் என்பதும் இரண்டு நிமிடம் என்பதும் உண்மை. லேபுக்குப் போகட்டும் என்பதில்தான் எனக்கு ஒப்புதல் இல்லை. மீதி நாளை.

ஆகஸ்ட் 4

முதலில் கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று. அம்மாவுக்கு பி.பி. கட்டுக்குள் இருந்தால் அவர் வரிசையில் நிற்கவே வேண்டாம். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது, மாத்திரை வீட்டுக்கே வரும். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

இனி விஷயம். 1950களில் டி.பி. வந்தால் சானடோரியத்தில் படுக்க வேண்டும் என்பதுதான் வைத்தியம். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் ஓய்வு. அன்றைய மெட்ராஸில் அத்தனை நோயாளிகளுக்குக் கட்டில் கிடையாது. 1956இல் சேத்துப்பட்டில் ஒரு மையம் தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (இனி ஐ.சி.எம்.ஆர். என்றே எழுதுகிறேன்), மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து நடத்தியது. வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் டாக்டர் தலைமை. 193 நோயாளிகள். ஒரு பாதி சானடோரியத்தில், ஒரு பாதி வீட்டில். இரு பக்கமும் அதே மாத்திரை, ஒரு வருடம். வீட்டில் இருந்தவர்கள் ஏழைகள், நெருக்கடியான குடியிருப்பு, அரைவயிற்றுச் சாப்பாடு. மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய்ப் பார்த்திருக்கிறார்கள், சிறுநீரைச் சோதித்திருக்கிறார்கள். வருடக் கடைசியில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு குணம். வீட்டில் வைத்துப் பார்த்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959இல் முடிவு வெளியானது, உலகம் முழுக்க சானடோரியங்களுக்கு அவசியம் குறைந்துபோனது.

இதை ஒரு லேப்காரர் கேட்டிருக்க முடியாது. கட்டில் இல்லையே என்று நோயாளியைத் திருப்பி அனுப்பிய ஒருவருக்குத்தான் இந்தக் கேள்வி வரும். உங்கள் வரிப்பணத்துக்கு (சரி, உங்கள் தாத்தாவின் வரிப்பணத்துக்கு) கிடைத்த லாபம், கட்ட வேண்டியிருந்த ஆயிரக்கணக்கான கட்டில்களைக் கட்டாமல் விட்டது.

ஆகஸ்ட் 4, இரவு

"அது வெள்ளைக்காரன் காசு, வெள்ளைக்காரன் மூளை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மூளை பற்றிச் சண்டை வேண்டாம். வீடு வீடாக ஏறி இறங்கியது நம் ஊர் சுகாதாரப் பார்வையாளர்கள். சமீபத்தியது வேண்டுமென்றால் ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை நடந்த ராஷன்ஸ் ஆய்வைப் பாருங்கள். டி.பி. நோயாளிகளின் குடும்பங்களில் 10,345 பேர். ஒரு பகுதியினருக்கு மாதாமாதம் கூடுதல் உணவுப் பொருள். அவர்களிடையே புதிதாக டி.பி. வருவது 39 சதவீதம் குறைந்தது. காசு ஐ.சி.எம்.ஆர். உடையது. நடத்திய அனுராக் பார்கவா, மாதவி பார்கவா இருவரும் மங்களூரில் மருத்துவக் கல்லூரி ஆசிரியர்கள். காசும் நம்முடையது, நடத்தியவர்களும் நம்மவர்கள்.

ஆகஸ்ட் 6

நிர்மலா பெயர் வந்துவிட்டது, வரும் என்று தெரியும். அறியாதவர்களுக்கு: 1986, மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி, நுண்ணுயிரியல் பி.ஜி. மாணவி செல்லப்பன் நிர்மலா. பேராசிரியர் சுனிதி சாலமன் அவருக்குக் கொடுத்த தீசிஸ் தலைப்பு, இந்தியாவில் எய்ட்ஸ் இருக்கிறதா என்று பார்ப்பது. அது அமெரிக்கக்காரர்களின் வியாதி என்று எல்லோரும் நிம்மதியாக இருந்த காலம். பாலியல் தொழிலாளர்கள் 80க்கும் மேற்பட்டவர்களிடம் ரத்தம் எடுத்து, சீரத்தை வீட்டு ஃபிரிட்ஜில் வைத்து, பிறகு ஐஸ் பெட்டியில் போட்டு ரயிலில் வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனார். ஆறு பாசிட்டிவ். சட்டசபையில் அமைச்சர் ஹண்டே எழுந்து அறிவித்தார். இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்படித்தான் தெரிந்தது.

"பார்த்தீர்களா, நிதியே இல்லாமல் செய்தாரே" என்று இதை எடுத்துப் போடுகிறார்கள். கூடவே மஹாட் என்ற ஊரின் டாக்டர் ஹிம்மத்ராவ் பவஸ்கர். மகாராஷ்டிராவில் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டராக இருந்தபோது தேள் கடியில் குழந்தைகள் சாவதைப் பார்த்து, பிரசோசின் மாத்திரை கொடுத்துக் காப்பாற்ற முடியும் என்று காட்டியவர். தேள் கடியின் அறிகுறிகள் பற்றி அவர் எழுதியதை 1982இல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்டது, பிரசோசின் பற்றியதை 1986இல். எல்லாம் சொந்தக் காசு.

இரண்டு பேரையும் கும்பிடுகிறேன். ஆனால் இந்தக் கதைகளை நிதி மறுக்கிறவர்கள் சொல்லும்போது எரிச்சல் வருகிறது. பவஸ்கரைப் போல ஆயிரத்தில் ஒருவர் சொந்தப் பணத்தையும் தூக்கத்தையும் போட்டுச் செய்தார் என்பது மீதி 999 பேருக்கு ஒன்றும் கொடுக்காமல் இருப்பதற்குக் காரணமா? நிர்மலா விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. அவரிடம் பணம் இல்லை, சரி. நேரம் இருந்தது. பி.ஜி. தீசிஸ் என்பது நம் அமைப்பில் டாக்டருக்கு ஆராய்ச்சிக்கென்று அதிகாரபூர்வமாகக் கிடைக்கும் ஒரே நேரம். அதற்கு அரசு உதவித்தொகை கொடுக்கிறது. கூடவே கேள்வி கேட்கத் தெரிந்த ஒரு பேராசிரியர் அமைந்தார். ஆக அது நிதியில்லாத ஆராய்ச்சி அல்ல. யாரும் நிதி என்று பெயர் சொல்லாத நிதி.

ஆகஸ்ட் 7

தீசிஸ் எல்லாம் காப்பிதானே என்று கேட்டவருக்கு: பல இடங்களில் ஆமாம்.

ஆகஸ்ட் 9, ஞாயிறு மாதிரி ஒரு சனி

முந்தாநாள் ஒரு வரியில் முடித்ததற்கு நாலைந்து பேர் பாய்ந்துவிட்டார்கள், அதனால் விரிவாக.

2005 முதல் 2014 வரை இந்திய மருத்துவக் கல்வி நிறுவனங்கள் என்ன ஆராய்ச்சி வெளியிட்டன என்று சமிரன் நந்தியும் உடனிருந்தோரும் எண்ணினார்கள். 579 நிறுவனங்கள். அதில் 332, அதாவது 57 சதவீதத்துக்கு மேல், பத்து வருடத்தில் ஒரு கட்டுரைகூட வெளியிடவில்லை. வருடத்துக்கு நூறுக்கு மேல் வெளியிட்டவை வெறும் 25. டில்லி எய்ம்ஸ், சண்டிகர் பி.ஜி.ஐ., நம் வேலூர் சி.எம்.சி. எல்லாம் அந்த 25இல்.

இதற்கு, மேலிடத்தில் இருப்பவர்கள் கண்ட மருந்து என்ன? பிரமோஷன் வேண்டுமானால் கட்டுரை போடு. கூடவே அடிப்படை ஆராய்ச்சிப் பயிற்சி என்று ஓர் ஆன்லைன் கோர்ஸ், நம் சென்னை அயப்பாக்கத்தில் இருக்கும் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் நடத்துவது. கோர்ஸ் நல்ல கோர்ஸ், உண்மையாகவே. அதை டியூட்டி ரூமில் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, கேஸ் ஷீட் எழுதிக்கொண்டே முடிக்கிறோம் என்பது வேறு விஷயம்.

விளைவு? கட்டுரை எழுதித் தரும் ஆட்கள் வாட்ஸ்அப்பில் விலைப்பட்டியல் அனுப்புகிறார்கள். எனக்கே வந்திருக்கிறது, முதல் பெயருக்கு ஒரு விலை, மூன்றாவது பெயருக்குத் தள்ளுபடி. அரசு கட்டுரையைக் கேட்கிறது. கட்டுரை எழுதுவதற்கு முன்னால் நடக்க வேண்டிய வேலைக்கான நேரத்தை மட்டும் தருவதில்லை. கேட்டதுதான் கிடைக்கும். காகிதம் கேட்டார்கள், காகிதம் வருகிறது.

ஆகஸ்ட் 10

என் கதை. பாம்புக்கடி. டெல்டாவில் நடவும் அறுப்பும் வந்தால் எங்கள் வார்டில் கடியும் வரும். இந்தியாவில் வருடத்துக்கு ஏறக்குறைய 58,000 பேர் பாம்பு கடித்துச் சாகிறார்கள் என்பது 2020இல் வந்த கணக்கு. கண்ணாடி விரியன் கடித்தால் ரத்தம் உறையாது. அதைக் கண்டுபிடிக்க இருபது நிமிடச் சோதனை இருக்கிறது: கொஞ்சம் ரத்தத்தைக் காய்ந்த, சுத்தமான கண்ணாடி டெஸ்ட் டியூபில் விட்டு, அசைக்காமல் இருபது நிமிடம் வைத்து, பிறகு சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையவில்லை என்றால் விஷமுறிவு மருந்து. எளிய சோதனைதான், ஆனால் டியூப் பிளாஸ்டிக்காக இருந்தாலோ சோப்புப் பவுடர் போட்டுக் கழுவியிருந்தாலோ நல்ல ரத்தமும் உறையாது. தேவையில்லாதவருக்கு மருந்து ஏறும், அலர்ஜி வந்தால் அவர் நீலம் பாரிப்பார்.

என் கேள்வி சின்னது: இரவு இரண்டு மணிக்கு எங்கள் ஆட்கள் செய்யும் இந்தச் சோதனையும் லேபில் செய்யும் உறைவுச் சோதனையும் எவ்வளவு ஒத்துப்போகின்றன? ஒத்துப்போகாதபோது காரணம் டியூபா, அவசரமா, கடிகாரமா? இதற்கு ஒரு சின்ன அரசு நிதி கிடைத்தது. எந்த நிதி, எந்த ஆஸ்பத்திரி என்பதெல்லாம் வேண்டாம், நான் இன்னும் வேலையில் இருக்க வேண்டும்.

பணம் வந்தது பிப்ரவரியில். மார்ச் 31க்குள் செலவு செய்து பயன்பாட்டுச் சான்றிதழ் கொடு. கண்ணாடி டியூப் வாங்க மூன்று விலைப்புள்ளி வேண்டும். எல்லாமே பிளாஸ்டிக்குக்கு மாறிவிட்ட பிறகு கண்ணாடி டியூப் விற்பவர் மூன்று பேருக்கு எங்கே போவேன்? கோப்பு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போக நான்தான் அதற்குக் காலாக இருந்தேன். அதெல்லாம்கூடச் சமாளித்துவிட்டோம்.

சமாளிக்க முடியாதது வேறு. நிதியில் டியூபுக்குக் காசு உண்டு, சோதனை ரசாயனத்துக்கு உண்டு, ஒரு புராஜெக்ட் உதவியாளருக்கு உண்டு. எனக்குப் பதில் ஓ.பி.யில் உட்கார ஒருவருக்கு இல்லை. தலைமை ஆய்வாளர் ஏற்கெனவே அரசு சம்பளம் வாங்குபவர், அவருக்கு எதற்கு என்பது கணக்கு. அந்தச் சம்பளம் ஓ.பி.க்கும் வார்டுக்கும் வகுப்புக்கும் கொடுப்பது, அவை ஏற்கெனவே நாள் முழுவதையும் தின்றுவிடுகின்றன. ஆகவே ஆராய்ச்சி எப்போது நடக்கும்? இரவில், லீவில், அல்லது வீட்டில் குழந்தை தூங்கிய பிறகு. ஃபீல்டுக்குப் போய்க் கடிபட்டவர்களை வீட்டில் பார்க்கலாம் என்றால் இப்போது முகம் காட்டும் வருகைப்பதிவு, வளாகத்துக்குள் நின்றுதான் காட்ட வேண்டும். வெளியே போவதற்கு ஒவ்வொரு முறையும் ஓ.டி. (வெளியே டியூட்டியில் இருக்கிறேன் என்று) எழுதிக் கையெழுத்து.

ஆகஸ்ட் 10, பிறகு

முடிவு என்ன ஆயிற்று என்று கேட்கிறார்கள். ஆய்வு நடக்கிறது, ஆமை வேகத்தில். ஆய்வுக்குத் தேவையான நோயாளிகள் எண்ணிக்கை சேரும் முன் எதுவும் சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும்: டியூபை யார் கழுவுகிறார்கள், எதால் கழுவுகிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள்.

ஆகஸ்ட் 13

வெளிநாட்டில் எப்படி என்று இருவர் கேட்டிருந்தார்கள். என் பேட்ச்மேட் ஒருவன் இங்கிலாந்தில் இருக்கிறான், அவனிடம் பேசினேன், படித்தும் பார்த்தேன். 2005இல் மார்க் வால்போர்ட் தலைமையில் ஓர் அறிக்கை வந்தது: டாக்டர்கள் ஆராய்ச்சிப் பக்கம் வருவதே இல்லை, வழி போட்டுக் கொடுங்கள் என்று. அடுத்த வருடம் தேசிய சுகாதார ஆராய்ச்சி நிறுவனம் பிறந்தது, அரசுப் பணம். அதில் பயிற்சி டாக்டருக்கு ஒரு பதவி இருக்கிறது: முக்கால் பங்கு நோயாளி, கால் பங்கு ஆராய்ச்சி, மூன்று வருடம். அடுத்த படியில் பாதிக்குப் பாதி. அந்தக் கால் பங்கு சம்பளத்திலேயே சேர்ந்தது. யாரிடமும் கெஞ்ச வேண்டாம்.

எல்லாம் சொர்க்கம் இல்லை. கால் பங்கை வார்டு தின்றுவிடுகிறது, டியூட்டி பட்டியலில் ஓட்டை விழுந்தால் முதலில் கூப்பிடுவது ஆராய்ச்சியில் இருப்பவனைத்தான் என்கிறான் நண்பன். அங்கே சீனியர் டாக்டர்களில் ஆராய்ச்சியும் செய்பவர்கள் 2004இல் 7.5 சதவீதம், 2017இல் 4.2. அதாவது வழி போட்ட பிறகும் குறைந்திருக்கிறது. இதைக் கொஞ்சம் யோசித்தேன். இளையவர்களுக்குப் பதவி கொடுத்துவிட்டு, பயிற்சி முடிந்தபின் போய் உட்கார நாற்காலி இல்லாமல் விட்டால் என்ன ஆகும்? இங்கே செய்தாலும் இதே கதிதான் வரும், ஆகவே நுழைவில் மட்டும் பணம் போட்டுப் பயனில்லை.

ஆனாலும் கோவிட் வந்தபோது அந்த அமைப்புதான் கைகொடுத்தது. கோவிட் மருந்துகளைச் சோதித்த அவர்களின் ரெக்கவரி ஆய்வு 2020 மார்ச்சில் தொடங்கி, ஜூன் 16 அன்றே டெக்ஸாமெத்தசோன் உயிர் காக்கிறது என்று அறிவித்துவிட்டார்கள், வென்டிலேட்டரில் இருந்தவர்களின் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. நம் ஊரில் எந்த மெடிக்கலிலும் கிடைக்கிற ஊசி. சாதாரண வார்டுகளில் சாதாரண டாக்டர்களும் நர்ஸ்களும் நோயாளிகளைச் சேர்த்தார்கள். ஆராய்ச்சி தெரிந்தவர்கள் ஏற்கெனவே ஒவ்வோர் ஆஸ்பத்திரியிலும் இருந்ததால்தான் நடந்தது.

ஆகஸ்ட் 13, தூக்கம் வராமல்

திசை மாறிப் போகிறது, பரவாயில்லை. வியட்நாம் போர்க் காலத்தில் அமெரிக்காவில் டாக்டர்களையும் கட்டாயமாகப் படைக்கு எடுத்தார்கள். அரசின் தேசிய சுகாதார நிறுவனங்களில் இரண்டு வருடம் ஆராய்ச்சி செய்தால் அதுவே சேவைக் கணக்கு. இடத்துக்கு அடிதடி. பச்சைத் தொப்பி என்று பெயர் பெற்ற சிறப்புப் படையோடு ஒப்பிட்டு இவர்களை மஞ்சள் தொப்பி என்று கேலி செய்தார்கள். 1968இல் அப்படி அங்கே இருந்தவர்களில் பிரவுன், கோல்ட்ஸ்டீன், வார்மஸ், லெஃப்கோவிட்ஸ் நால்வரும் பின்னாளில் நோபல் வாங்கினார்கள். பயந்து ஓடி வந்த இளம் டாக்டரைக்கூட இரண்டு வருடம் சம்பளத்தோடு உட்காரவைத்தால் விஞ்ஞானி ஆகிவிடுகிறார். எங்களை யாராவது எங்கேயாவது போருக்குக் கூப்பிடுங்கள்.

ஆகஸ்ட் 14

இப்போது சகாக்களுக்குப் பிடிக்காத ஒன்று. தமிழ்நாட்டில் அரசு டாக்டர் டியூட்டி நேரத்துக்கு வெளியே பிராக்டிஸ் செய்யலாம், தடையில்லை. சாயங்காலம் கிளினிக்கில் உட்கார்ந்தால் காசு. அதே சாயங்காலம் டேட்டா பார்த்தால் வீட்டில் திட்டு. எனக்கும் சின்ன கிளினிக் உண்டு. பாம்புக்கடி வேலை தொடங்கியபின் வாரத்தில் சில நாள் மூடிவிட்டேன், வீட்டுக்கடனுக்கு அது தெரிகிறது. பிராக்டிஸைத் தடை செய் என்று நான் சொல்லவில்லை, சொன்னால் நாளைக்கு யாரும் என்னோடு டீ குடிக்க மாட்டார்கள். ஆனால் ஆராய்ச்சிக்கு வரும் டாக்டர் எதை விட்டுவிட்டு வருகிறார் என்ற கணக்கு எந்த நிதித் திட்டத்திலும் இல்லை. அது இல்லாதவரை, சொந்த வீடும் சம்பாதிக்கும் துணையும் இருப்பவர்தான் ஆராய்ச்சி செய்ய முடியும். முதல் தலைமுறை டாக்டரால் முடியாது.

ஆகஸ்ட் 17

ஒரு ஸ்டாஃப் நர்ஸ் எழுதியிருக்கிறார்: "மூன்று பக்கமாக டாக்டர் டாக்டர் என்றே எழுதுகிறீர்கள் சார், இரவில் டியூபைச் சாய்த்துப் பார்ப்பது யார்?" நியாயம். எங்கள் ஆய்விலும் பாதி வேலை அவர்கள் கையில்தான். எங்கள் வார்டில் ஒரு சிஸ்டர் யாரும் சொல்லாமலே ஒரு நோட்டு வைத்திருக்கிறார், விஷமுறிவு மருந்து தொடங்கி எத்தனை நிமிடத்தில் யாருக்கு நடுக்கம் வந்தது என்று. அந்த நோட்டு என் புராஜெக்ட்டைவிட நல்ல புராஜெக்ட். அவர் விண்ணப்பிக்கலாம் என்று ஒரு நிதியைச் சொல்லச் சொன்னால் என்னிடம் பதில் இல்லை. இங்கிலாந்தில் நர்ஸ், பிசியோதெரபிஸ்ட், மருந்தாளுநர் எல்லோருக்கும் சம்பளத்தோடு பிஎச்.டி. வரை தனி வழி வைத்திருக்கிறார்கள். நம் மாநிலத்தில் 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தையே பாருங்கள், டி.பி. என்று தெரிந்த அன்றே எடை, மூச்சு, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்று பார்த்து மோசமானவர்களைப் பிரித்து அட்மிட் செய்வது. நாள்தோறும் அதைச் செய்வது களத்தில் இருக்கும் சுகாதாரப் பணியாளர்கள். அடுத்த கேள்வி அவர்களிடமிருந்துதான் வரும், கேட்க விட்டால்.

ஆகஸ்ட் 20

முதலில் கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். "சரி, ஆராய்ச்சி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ஒரு நாள் ஆராய்ச்சிக்குப் போனால் அன்று என் அம்மாவை யார் பார்ப்பது?"

இந்த இழையிலேயே உருப்படியான கேள்வி இதுதான். யாரும் பார்க்க மாட்டார்கள், இப்போதிருக்கும் ஏற்பாட்டில். அதனால்தான் நிதியை டியூபுக்குக் கொடுக்காதே, ஆளுக்குக் கொடு என்கிறேன். தமிழ்நாட்டில் 36 அரசு மருத்துவக் கல்லூரிகள். கல்லூரிக்கு நான்கு பேரைப் போட்டியில் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவருக்கும் வேலை நேரத்தில் கால் பங்கை ஐந்து வருடத்துக்கு விடுவி. நான்கு கால் ஒன்று, ஆக கல்லூரிக்கு ஒரு கூடுதல் பணியிடம். மாநிலம் முழுக்க 36 பணியிடம், 144 பேருக்கு நேரம். ஓ.பி.யில் ஒரு மணி நேரம்கூடக் குறையாது. நடுவில் வேலை நடக்கவில்லை என்றால் அந்தக் கால் பங்கைப் பிடுங்கி வேறொருவருக்குக் கொடு, கட்டுரை எண்ணிக்கையைப் பார்த்து அல்ல, வேலையைப் பார்த்து. நான்கில் ஓர் இடம் நர்ஸுக்கு.

அந்தக் கூடுதல் ஆளையும் ஓ.பி.யிலேயே போடலாமே என்பீர்கள். போடலாம். அப்போது உங்கள் அம்மாவுக்கு இரண்டு நிமிடத்துக்குப் பதில் இரண்டு நிமிடமும் சில நொடியும் கிடைக்கும்.

ஆகஸ்ட் 21

"பிடுங்கி வேறொருவருக்குக் கொடு" என்றால் யூனிட் சீஃபுக்கு வேண்டியவருக்குத்தான் போகும் என்று மூன்று பேர். உண்மைதான். தேர்வை அந்தந்தக் கல்லூரியிடம் விடக் கூடாது. வெளியிலிருந்து ஆட்களை வைத்துப் பார்க்க வேண்டும். அதையும் மீறி சிபாரிசு நுழையும், எதில்தான் நுழையவில்லை.

ஆகஸ்ட் 24

எம்.டி. முடித்துக் கிராமத்தில் பாண்டில் (கட்டாய அரசுப் பணியில்) இருக்கும் தம்பிக்கு, தனியாகக் கேட்டதை இங்கேயே எழுதுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும். பெரிய நிதிக்கு இப்போது போடாதே. உன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அடிக்கடி வருவது எது, அதில் உனக்கே பதில் தெரியாதது எது என்று பார். ரெஜிஸ்டரில் என்ன எழுதுகிறார்கள், எதை எழுதாமல் விடுகிறார்கள் என்று ஒரு மாதம் கவனி. பாம்புக்கடி என்றால் 2024 நவம்பர் முதல் இங்கே அறிவிக்கை செய்ய வேண்டிய நோய், அதனால் கணக்கு இனி மேலே போகிறது, நீ எழுதுவது சரியாக இருந்தால் அதுவே பெரிய வேலை. நெறிமுறைக் குழு அனுமதி இல்லாமல் ஒரு கேஸ் ஷீட்டையும் ஆய்வுக்கென்று தொடாதே. பக்கத்து மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறையில் புள்ளியியல் தெரிந்தவர் ஒருவர் இருப்பார், டேட்டா எடுத்தபின் அல்ல, எடுக்கும் முன் போய்ப் பார். எம்.பி.பி.எஸ். மாணவர்கள் யாராவது உன்னிடம் வந்தால் ஐ.சி.எம்.ஆரின் இரண்டு மாதக் குறுகிய கால மாணவர் திட்டத்துக்குப் போடச் சொல், 1979 முதல் நடக்கிறது, உனக்கும் ஒரு கை கூடும்.

மார்ச்சில் பணம் வந்தால் மட்டும் எனக்கு போன் செய். கண்ணாடி டியூப் விற்பவர் இருவரை இப்போது எனக்குத் தெரியும், மூன்றாமவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.